20 கிலோ என்று எழுதியிருக்கும் டம்பெல் பெட்டி: கைக்கு வருவது ஒன்பதரை

திருகோணமலையில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் அதிகம் போவது கறுப்புப் பிளாஸ்டிக் உறை போட்ட, உள்ளே சீமெந்து நிரப்பிய டம்பெல் பெட்டிதான். 2.5 கிலோ பிளேட் நான்கு, 1.25 கிலோ பிளேட் நான்கு, 14 அங்குலக் கம்பி இரண்டு, நட்சத்திர நட்டு நான்கு, இரண்டு கம்பியையும் பூட்டி நீட்டுகிற இணைப்புத் துண்டு ஒன்று. மட்டையில் கொட்டை எழுத்தில் 20 கிலோ.

கணக்கைப் பார்ப்போம். பிளேட்டுகள் மொத்தம் 15 கிலோ. கம்பி ஒன்று நட்டுகளோடு ஏறத்தாழ 2 கிலோ. மீதியை இணைப்புத் துண்டு நிரப்புகிறது. ஆக, இரண்டு கையிலும் பிடித்தால் கைக்கு ஒன்பதரை கிலோதான். ஒரே கம்பியில் எல்லாவற்றையும் ஏற்றி 17 கிலோவாக்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. பிடிக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் சுமார் 11 சென்ரிமீற்றர் இடம். 2.5 கிலோ பிளேட் 4 சென்ரிமீற்றர் தடிப்பு, 1.25 கிலோ 3 சென்ரிமீற்றர். பக்கத்துக்கு இரண்டு பெரியதைப் போட்டாலே எட்டு போய்விடும். மூன்றாவதைப் போட்டால் நட்டுப் பூட்ட மரையே மிஞ்சாது. ஒரு கம்பியின் உச்சம் 12 கிலோ. வார்ப்பிரும்பு சீமெந்தைப் போல மூன்று மடங்கு அடர்த்தி, அதனால் இரும்புப் பிளேட்டில் இந்த வில்லங்கம் இல்லை. விலை பேசும்போது 20ஆல் வகுக்காமல் 15ஆல் வகுத்து, கிலோ என்ன விலைக்கு விழுகிறதென்று பார்த்து இரும்போடு ஒப்பிடுங்கள்.

பாரம் குறைவு என்பதை ஒரு குறையாக நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. தசை வளர்வதற்குத் தூண்டுதல், தசை இழைகளில் ஏறும் இழுவிசை. பாரம் கனமாக இருந்தால் பெரிய இழைகளும் முதல் தடவையிலிருந்தே வேலைக்கு வரும். பாரம் இலேசென்றால் முதலில் சின்ன இழைகள் தூக்கும். அவை களைக்கக் களைக்கத்தான் பெரியவை சேரும். ஆகவே இலேசான பாரத்திலும், ‘இன்னும் இரண்டு தடவைதான் முடியும்’ என்ற இடம்வரை போனால் வளர்ச்சி வரும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி செய்துவந்த 49 ஆண்களில் ஒரு குழு 8–12 தடவையும் மற்றது 20–25 தடவையும், முடியாத கட்டம்வரை தூக்கியது. 12 வாரம் கழித்து இரு குழுவிலும் தசை ஏறத்தாழ ஒரே அளவுதான் கூடியிருந்தது. பத்தாவது தடவையில் அலுத்துப்போய் டம்பெல்லை வைப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

உண்மையான குறை படிகளில் இருக்கிறது. இரண்டு கையிலும் பிடிக்கும்போது இந்தப் பெட்டியில் கிடைக்கும் பாரங்கள் கைக்கு 2, 4.5, 7, 9.5 என்று நான்கே படி. தோளுக்குப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியில் 4.5இலிருந்து 7க்குப் போவதென்றால் ஒரேயடியாகப் பாதிக்கு மேல் கூடுகிறது. 4.5 கிலோவை வடிவாக 20 தடவை தூக்குபவர்கூட 7 கிலோவில் மூன்று நான்கோடு நின்றுவிடுவார்; அதற்கு மேல் போனால் இடுப்பை ஆட்டித்தான் தூக்குவார், வேலை தோளை விட்டு முதுகுக்குப் போய்விடும். இதற்கு வழி இரண்டு. ஒன்று, 25–30 தடவை வரும்வரை அதே பாரத்தில் நின்று, பிறகு ஏறுவது. மற்றது, அரைக் கிலோ இரும்புப் பிளேட் நான்கு தனியாக வாங்குவது. அப்போது படிகள் 2, 3, 4.5, 5.5, 7, 8, 9.5, 10.5 என்று இரட்டிக்கும். பெட்டி வாங்கும் அன்றே இவற்றையும் கேளுங்கள். துளை 25 மில்லிமீற்றர் கம்பிக்குப் போகிறதா என்று போட்டுப் பார்த்தே எடுங்கள். ஜிம் வகைப் பிளேட்டின் 50 மில்லிமீற்றர் துளை இதற்குச் சரிவராது.

காலுக்கு இந்தப் பெட்டி சீக்கிரம் போதாமல் போகும். இரண்டு காலால் குந்தி எழும்ப 12 கிலோ என்பது ஆரோக்கியமான ஆளுக்குச் சூடேற்றம்தான். பின்காலை வாங்கில் வைத்து, கைக்கு ஒன்பதரையாகப் பிடித்து ஒற்றைக் காலால் இறங்குங்கள். இறங்குவதற்கு மூன்று விநாடி எடுங்கள். அதுவும் இலகுவானால் லேத் பட்டறையில் 25 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி 1.2 மீற்றர் வெட்டுவிக்கலாம். கம்பி மட்டும் 4.6 கிலோ வரும். பிளேட் உள்ளே நகராமல் இரண்டு பக்கமும் வளையம் ஒட்டச் சொல்ல வேண்டும். வெளியே ஸ்பிரிங் கிளிப் போதும். பெட்டியோடு வரும் இணைப்புத் துண்டை நம்பி தோளில் பாரம் வைக்காதீர்கள். மரையில் ஆட்டம் இருக்கிறது. கம்பி சுழலும்போது கழன்றுகொண்டே போகும்.

நட்டின் ஒரு முகத்தில் மெல்லிய இறப்பர் வளையம் இருக்கும். அந்த முகம்தான் பிளேட்டைத் தொட வேண்டும். மாறிப் பூட்டினால் உலோகம் பிளாஸ்டிக்கில் வழுக்கி, ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தலைக்கு மேல் தூக்குவதற்கு முன் ஒவ்வொரு செட்டிலும் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) நட்டை இறுக்கிப் பாருங்கள். பாரம் மாற்ற நட்டைத் திருகித் திருகி ஒரு நிமிடம் போகிறதென்று அலுப்படைய வேண்டாம்; செட்டுகளுக்கு இடையில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு எப்படியும் வேண்டும்.

சீமெந்துப் பிளேட்டை டைல்ஸ் தரையில் போட்டால் இரண்டுக்கும் கேடு. உறையின் விளிம்பில் தையல் போல ஒரு கோடு ஓடும். முதலில் வாய் திறப்பது அதுதான். அங்கிருந்து சாம்பல் நிறத்தில் தூள் உதிர ஆரம்பித்தால் பாரம் குறைந்து, இரண்டு பக்கமும் சமனில்லாமல் போகும். பழைய இறப்பர் விரிப்பு ஒன்று போதும், உடையாமல் காக்க.

கறள்தான் நம் ஊரின் தனிப் பிரச்சினை. உப்புவெளி, நிலாவெளி, டச்பே பக்கம் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் கடற்காற்றின் உப்பு கம்பியில் படியும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மாரியில் கேட்கவே தேவையில்லை. பிடியில் சொரசொரப்பாக வெட்டிய இடத்தில் குரோம் பூச்சு மெல்லியது, அங்கேதான் முதல் புள்ளி வரும். வியர்வையும் உப்புதான். வெறும் எண்ணெயைப் பூசினால் உப்பு அடியிலேயே மாட்டிக்கொள்ளும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, பிறகு மரைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. பிடிக்கு எண்ணெய் கூடாது, வழுக்கும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

பெட்டியோடு சேர்த்துப் புரதப் பவுடர் டின்னும் காட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். 2018இல் 49 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அலசலில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் போனால் தசைக்குக் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். 150 கிராம் சூரை மீனில் 35 கிராம் அளவில் இருக்கிறது, இரண்டு முட்டையில் 12, உலர்ந்த சோயா மீட் 50 கிராமில் 25. மிச்சத்தைப் பருப்பும் பாலும் சோறும் தந்துவிடும். மீன் மலிவான ஊரில் டின் கடைசிப் பேச்சு.

புதிதாகத் தொடங்குபவர், வீட்டில் இடமில்லாதவர், ஜிம்முக்குப் போக நேரம் ஒதுக்க முடியாத பெண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள்: இவர்களுக்கு இந்தப் பெட்டி தாராளமாகப் போதும். ஒரு தசைக்கு வாரத்தில் பத்துச் செட் என்று வைத்து, இரண்டு மூன்று நாளில் பிரித்துச் செய்யலாம். முதல் சில வாரங்களில் பாரம் விறுவிறுவென்று ஏறும். அது பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால், கை அளவு உடனே மாறாது. ஏற்கெனவே கைக்கு 12 கிலோவுக்கு மேல் தூக்குபவர் இதை வாங்குவது வீண். கம்பியையும் இரும்புப் பிளேட்டையும் தனித்தனியாக எடுக்கட்டும்.

கடையில் மட்டையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரே எண் போட்ட பிளேட்டுகளைத் தராசில் வைத்துப் பாருங்கள்; 100 கிராம் வித்தியாசம் என்றால் மாற்றித் தரக் கேளுங்கள். நான்கு நட்டையும் கம்பியின் கடைசிவரை விரலாலேயே சுழற்றிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அந்தக் கம்பியை வாங்காதீர்கள். மரை சரியில்லாதது எண்ணெய்க்கும் அடங்காது.