அடுக்குப் படத்துக்கு அட்டையா, ஃபோம் டேப்பா?

மலை, தோப்பு, குடிசை என்று மூன்று அடுக்காக வண்ணம் தீட்டி, வெட்டி, முப்பரிமாணமாக ஒட்டும் படம். வகுப்பில் இதை ஆரம்பித்தாலே கேள்வி வந்துவிடும்: அடுக்குகளுக்கு இடையே எதை முட்டுக் கொடுப்பது, அட்டைப்பெட்டியில் வெட்டிய நெளி அட்டையா, இருபுறமும் ஒட்டும் பஞ்சு போன்ற ஃபோம் டேப்பா?

செலவு: அட்டைப்பெட்டி மளிகைக் கடையில் சும்மாவே கிடைக்கும். டேப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் என்றால் ரோல் ரோலாகத் தீரும்.

உயரம்: நெளி அட்டை ஒரு துண்டு சுமார் 3 மி.மீ.; இரண்டை ஒட்டினால் 6. டேப் பெரும்பாலும் 1 அல்லது 2 மி.மீ.தான். குடிசையின் நிழல் தோப்பின் மேல் விழ வேண்டுமென்றால் அட்டைதான்.

ஒட்டுவது: இங்கேதான் விஷயமே இருக்கிறது. டேப் பட்டதும் பிடித்துக்கொள்ளும். தென்னை மரம் கோணலாக உட்கார்ந்தால் போச்சு. பிய்த்தால் சார்ட்டின் வண்ணமும் சேர்ந்து உரியும். அட்டைக்கு ஃபெவிகால் போட்டால் கொஞ்ச நேரம் நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் பிள்ளைகள் அதைத் தடவுவதில்லை, ஊற்றுகிறார்கள். ஈரத்தில் சார்ட் அலை அலையாக நெளிந்துவிடும். பொட்டுப் பொட்டாக வைத்து, மேலே நோட்டுப் புத்தகங்களை அடுக்கிக் காயவிட வேண்டும்.

நீடித்து உழைப்பது: வெயில் படும் சுவரில் டேப் பிடி விட்டுப் போகக்கூடும். அட்டை நிற்கும்.

ஒரே பீரியடில் முடிய வேண்டிய வாழ்த்து அட்டைக்கு டேப். கண்காட்சிக்குப் பெரிய படம் என்றால் அட்டை. நான் மலைக்கும் தோப்புக்கும் அட்டை வைப்பேன். முன்னால் பறக்கும் கொக்குக்கு மட்டும் டேப்.