நத்தைக்கு நீலக் குருணை: முதல் மழைக்கு வாங்கலாம்

உரக்கடையில் "நத்தை மருந்து" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் தருவது மெற்றல்டிஹைட் கலந்த நீலக் குருணைதான். தவிடு, மா சேர்த்த இரை. வாசத்துக்கு வந்து தின்ற நத்தை சளியாய்க் கக்கி, உடம்பு நீர் வற்றிச் சாகும். மருந்து நல்லது, காலநிலைதான் அதைக் கெடுக்கும்.

வன்னியில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை ஆபிரிக்க இராட்சத நத்தை ஓட்டு வாயை அடைத்துக்கொண்டு கிடுகுக் குவியலிலும் வேலியடியிலும் கிடக்கும். மாரியின் முதல் மழைக்கு எழும்பிப் பப்பாசிக் கன்று, கத்தரி, கீரை என்று மேயும். பிறகு ஒரே தடவையில் 100க்கு மேலும் முட்டையிடும். ஆகவே முதல் மழை விட்ட நாலைந்து நாளுக்குள் போடவேண்டும். கார்த்திகை அடைமழையில் போட்டால் குருணை ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். மயங்கிய நத்தையும் ஈரத்தை உறிஞ்சித் தேறிப் போய்விடும். கடைக்காரரில் பிழையில்லை.

மாலையில், குருணைக்குக் குருணை அரைச்சாண் இடைவெளி விட்டுத் தூவுங்கள். குவிக்கவே வேண்டாம், குவியல் நாயையும் கோழியையும் இழுக்கும். தின்ற நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரும், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும். கோழி திரியும் வளவென்றால் 3 அங்குல பீவீசி குழாயில் ஒன்றரை அடித் துண்டு வெட்டி, நடுவில் பத்துக் குருணை போட்டு, வேலியோரம் உருளாதபடி கல் அணைத்து வையுங்கள். மழையும் படாது.

விடிந்ததும், வெயில் ஏறுமுன், கிடப்பதைப் பொறுக்கி உப்புநீர் வாளியில் போட்டுப் புதையுங்கள். கையுறை கட்டாயம்: மூளையுறையைத் தாக்கும் புழு நத்தையில் இருக்கலாம். உப்பு வாளியோடு நிற்கட்டும், பாத்தியில் கொட்டினால் பயிர்தான் முதலில் கருகும். செத்ததைத் தாராவுக்குப் போடாதீர்கள்.

இரும்புப் பொசுபேற்றுக் குருணை கிடைத்தால் நாய் வளர்ப்பவர்கள் அதையே வாங்கலாம். தின்ற நத்தை மேய்ச்சலை நிறுத்தி, ஒளிந்து, சில நாளில் சாகும். சடலம் கண்ணில் படாததால் வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி கொட்டுகிறவர்களே அதிகம்.

நாலு பாத்தித் தோட்டத்துக்கு இரண்டுமே வீண்செலவு. இரவு எட்டு மணிக்கு ரோச் லைற்றும் வாளியும் போதும். ஓடில்லாத சின்ன நத்தைக்கு ஈரச்சாக்கை விரித்து வைத்து, காலையில் புரட்டிப் பாருங்கள்.

வாங்குவதென்றால் பதிவிலக்கமும் காலாவதித் திகதியும் உள்ள பக்கெற்றாகப் பாருங்கள். பொலித்தீன் பையில் நிறுத்துத் தருவதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.