கேம்டனா, ஓர்ஃபீல்டா?

காரில் உட்கார்ந்தே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்களில் எதற்கு ஓட்டுப் போடுவது: முதலில் வந்ததற்கா, இன்றும் ஓடுவதற்கா? முதல் டிரைவ்-இன் தியேட்டரை ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1933 ஜூனில் நியூ ஜெர்சியின் கேம்டன் அருகே திறந்தார். முன்னால் நிற்கும் கார் மறைக்காதபடி, முன்சக்கரம் ஏறி நிற்கச் சரிவான மண்மேடு. அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். கெட்டிக்காரர்தான். ஆனால் ஒலி வந்தது திரைப் பக்கத்துப் பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து: பின்வரிசைக்குச் சற்றுத் தாமதமாக, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஓசியில். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது.

பென்சில்வேனியாவின் சின்ன ஊரான ஓர்ஃபீல்டில் ஷாங்க்வைலர்ஸ் என்ற டிரைவ்-இன் தொடங்கியது 1934இல். 1955இல் டயேன் புயல் அதைச் சேதப்படுத்தியது; சரிசெய்துகொண்டார்கள். அப்புறம் ஒலி எஃப்எம் வழியே கார் ரேடியோவுக்கே வந்தது, படச்சுருள் போய் டிஜிட்டல் வந்தது. இப்போதும் படம் ஓட்டுகிற மிகப் பழைய டிரைவ்-இன் இதுதான். என் ஓட்டும் இதற்கே. கேம்டனில் டிக்கெட் எடுக்க இடம் ஏது?