புனைபெயரில் இருந்தாலும் போன் நம்பர் காட்டிக்கொடுக்கும்: வீடியோ செயலி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் யாராவது குறும் வீடியோ செயலியில் கணக்கு வைத்திருந்தால், இதைப் படித்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்து செட்டிங்ஸை ஒருமுறை பாருங்கள். 2024-ல் என் அக்கா மகளுக்கு நடந்ததை, அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். நன்றாக ஆடுவாள். பயிற்சி செய்வதை வீடியோவாகப் போட ஒரு பிரபலமான செயலியில் கணக்கு தொடங்கினாள். அதில் சொந்தப் பெயர் இல்லை, ஊர் இல்லை, கல்லூரி இல்லை. வீட்டு வாசலோ வண்டி நம்பரோ எந்த வீடியோவிலும் தெரியாது. காண்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதி கேட்டபோதும் மறுத்துவிட்டாள். ஓடிபி வருவதற்காக மொபைல் நம்பரை மட்டும் கொடுத்தாள்.

கொஞ்ச நாளிலேயே, பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பியிருந்த ஜெராக்ஸ் கடைப் பையன், "அக்கா, டான்ஸ் சூப்பர்" என்றான். பிறகு பழைய டியூஷன் சார், முகமே மறந்துபோன பள்ளித் தோழர்கள் என்று வரிசையாகப் பார்த்துவிட்டார்கள். "நான்தான் யாருக்கும் சொல்லலையே, எப்படி சித்தி?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். அவள் காண்டாக்ட்ஸைக் கொடுக்கவில்லை, ஆனால் அவள் நம்பரைத் தங்கள் போனில் வைத்திருந்தவர்கள் கொடுத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் இருந்த நம்பரும் அவள் பதிவு செய்த நம்பரும் ஒன்று என்றதும், "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று செயலியே அவள் கணக்கை அவர்கள் முன் நீட்டிவிட்டது. நம்பரை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி, நாம் போய் அணைக்காதவரை ஆனிலேயே இருந்திருக்கிறது. ஓடிபிக்கு என்று வாங்கிய நம்பரை இதற்குப் பயன்படுத்துவதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

அதோடு நிற்கவில்லை. யாரோ அவள் வீடியோக்களை இறக்கி, அவளுடைய நிஜப் பெயர், கல்லூரியோடு போலிக் கணக்கு தொடங்கி, கேவலமான வரிகளைச் சேர்த்துப் போட்டார்கள். ரிப்போர்ட் பட்டனை அழுத்தினோம். "எங்கள் சமூக விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்தது. தோழிகள் எல்லாரும் ரிப்போர்ட் செய்தார்கள், அவர்களுக்கும் அதே பதில்தான். அக்கா வீட்டுக்காரர், "இனி வீடியோவே போடாதே" என்றார். எனக்கு அது தாங்கவில்லை. தப்புச் செய்தவன் எங்கோ இருக்க, ஆடியவளை எதற்கு நிறுத்த வேண்டும்?

வழி கிடைத்தது, புகார்களைக் கேட்க செயலி நிறுவனமே வைத்திருக்கும் குறைதீர் அதிகாரி மூலம். ரிப்போர்ட் பட்டன் வேறு, இவர் வேறு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இத்தகைய தளங்கள் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். செயலியின் 'சட்டம்', 'உதவி' பக்கங்களின் அடியில் தேடினால் கிடைக்கும். அந்த விதிகளில் 3(2)(பி) என்ற பிரிவு இருக்கிறது. ஆள்மாறாட்டம், மார்பிங் செய்த படம், அந்தரங்கத்தைக் காட்டும் படம் ஆகியவற்றைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே அப்போது அதில் இருந்த கெடு. பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் புகார் தரலாம். அதனால் நானே எழுதினேன். பிரிவைக் குறிப்பிட்டு, போலிக் கணக்கின் லிங்க், ஒவ்வொரு வீடியோவின் லிங்க், அசல் வீடியோவின் லிங்க் எல்லாம் வைத்தேன். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மறுநாள் அந்தக் கணக்கு இல்லை.

செட்டிங்ஸில் முதலில் பார்க்க வேண்டியது, போன் நம்பரால் கண்டுபிடிப்பதும் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதும். இரண்டையும் அணையுங்கள். ஏற்கெனவே ஏற்றிய காண்டாக்ட்ஸை அழிக்கும் வசதி பல செயலிகளில் உண்டு, அதையும் செய்யுங்கள். அடுத்தது டவுன்லோட். இன்ஸ்டாகிராமில் பொதுக் கணக்கின் ரீல்ஸை மற்றவர்கள் இறக்கிக்கொள்ளும் வசதி 2023-ல் வந்தது. பெரியவர்களின் கணக்கில் நாமேதான் அதை நிறுத்த வேண்டும். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை இது தடுக்காது என்றாலும் சும்மா வந்து அள்ளிக்கொண்டு போவது குறையும். வீடியோ லிங்க்கைப் பகிரும்போது கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கும் நீண்ட எழுத்துகளை வெட்டிவிடுங்கள். பகிர்ந்தவர் யார் என்பதைச் சில செயலிகள் அதை வைத்துத்தான் காட்டுகின்றன.

மிரட்டலோ பணம் கேட்பதோ இருந்தால் செயலியின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ தேசிய சைபர் கிரைம் இணையதளத்துக்கோ உடனே போங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எதிராளி அனுப்பிய சாட் மெசேஜ்களைக் கோபத்தில் அழித்துவிட வேண்டாம், அதுதான் ஆதாரம்.

குறைதீர் அதிகாரியும் கைவிரித்தால், மத்திய அரசு 2023-ல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே மனுப் போடலாம். நான் அனுப்பிய புகாரின் வாசகம் வேண்டுபவர்கள் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.