டர்போ போய்விட்டது என்று 61,000 ரூபாய் வாங்கினார்கள். கிழிந்திருந்ததோ ஒரு ரப்பர் ஹோஸ்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களும் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களும், "வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது" என்ற குறையோடு ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நிற்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நேர்ந்தது சேலத்தில், எல்லா நிறுவன வண்டிகளையும் பார்ப்பதாகப் பலகை வைத்திருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில். அதன் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், என்னிடம் முறையான பில் இல்லை என்பதுதான். அது என் தவறு. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

வண்டி 2014 மாடல், ஏழு இருக்கை, 1248 சிசி, 90 குதிரைத்திறன் டீசல். ஃபியட் வடிவமைத்த இந்த எஞ்சின் மாருதி, டாடா, ஃபியட் ஆகிய மூன்று நிறுவனங்களின் கார்களிலும் டிடிஐஎஸ், குவாட்ராஜெட், மல்டிஜெட் என்று வெவ்வேறு பெயர்களில் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டதால், இந்த எஞ்சின் வேண்டுமென்பவர்கள் இன்று பழைய வண்டியைத்தான் தேட வேண்டும். நானும் அப்படித்தான் 2023 ஜனவரியில், மீட்டரில் 92,000 கிலோமீட்டர் காட்டிய வண்டியை 5,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஜூலையில் குடும்பத்தோடு ஏற்காடு போனபோதுதான் சிக்கல் தொடங்கியது. சமதளத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நான்காவதைத் தாண்டும்போது ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஏறாமல் திணறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பைக்கில் வந்தவர் கரும்புகையில் மறைந்துபோயிருந்தார். சிறிது நேரத்தில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. அதன்பின் வண்டி இரண்டாவது கியரில் மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் போக மறுத்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் பாதி உயிர் வந்தது. இந்த ஒரு விவரத்திலேயே விடை இருந்தது என்பது எனக்கு மட்டுமல்ல, மறுநாள் வண்டியைப் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டியவுடன் பி0299 என்ற குறியீடு வந்தது. மேற்பார்வையாளர் திரையை என் பக்கம் திருப்பி, அதில் 'டர்போ' (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) என்று இருந்த சொல்லின் மேல் விரலை வைத்து, "சார், ஸ்கேனரே சொல்லிடுச்சு, இதுக்கு மேல நாம என்ன பேசுறது?" என்றார். பிறகு டர்போவுக்குப் போகும் காற்றுக்குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியால் உள்பக்கம் துடைத்து, துணியில் படிந்த எண்ணெயைக் காட்டினார். "ஆயில் தள்ளுது பாருங்க, டர்போ சீல் அவுட்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கூடவே எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களும் தேய்ந்துவிட்டன என்றும் சேர்த்துக்கொண்டார்.

எஸ்டிமேட் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் வந்தது: ரீகண்டிஷன் (பழையதைப் புதுப்பித்த) டர்போ 22,000, ரீகண்டிஷன் இன்ஜெக்டர் நான்குக்கு 30,000, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வைச் சுத்தம் செய்ய 2,500, கூலி 6,500. மொத்தம் 61,000 ரூபாய். 40,000 ரூபாயை யூபிஐ மூலமும் மீதியை ரொக்கமாகவும் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி போட்டால் கூடுதலாகும் என்றார்கள். பணம் மிச்சமாகிறதே என்று நானும் தலையாட்டினேன். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது, ரீகண்டிஷன் செய்பவர்கள் பழையதை வாங்கிக்கொண்டுதான் மாற்று கொடுப்பார்கள், அது அப்போதே போய்விட்டது என்றார்கள். அப்படி ஒரு வழக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் கொடுப்பதற்கு முன் கழற்றியதைக் கண்ணில் காட்டுவதற்கு அந்த வழக்கம் எந்தத் தடையும் இல்லை.

வண்டி நகரத்துக்குள் பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பதினோராவது நாள் வேலை நிமித்தமாக ஏற்காடு ஏறியபோது அதே நான்காவது வளைவு, அதே புகை, அதே விளக்கு. திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினால் மேற்பார்வையாளர் சிறிதும் தயங்காமல், "அப்ப ஹை பிரஷர் பம்ப்தான் சார், ஒரு 38,000 ஆகும்" என்றார். அங்கேதான் எனக்கு விழிப்பு வந்தது. பழுது எது என்று தெரிந்து பாகத்தை மாற்றுபவர் ஒரு வகை. பாகத்தை மாற்றி மாற்றிப் பழுதைத் தேடுபவர் இன்னொரு வகை. இரண்டாம் வகையிடம் தேடும் செலவு முழுவதும் நம்முடையது.

என் மைத்துனர் சொல்லி, ஓமலூர் பக்கம் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அறுபது வயது இருக்கும். அவர் முதலில் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. "தம்பி, மேடு ஏறும்போது மட்டுந்தானா? ஆஃப் பண்ணிப் போட்டா சரியாகுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் மடிக்கணினியை என் மடியில் கொடுத்து, மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து ஓட்டிக்கொண்டே, திரையில் இரண்டு எண்களை மட்டும் படிக்கச் சொன்னார். எஞ்சின் கேட்கும் காற்றழுத்தம் 2,050 மில்லிபார், கிடைப்பது 1,380. இறங்கியதும், "காத்து எங்கேயோ வெளிய போகுது" என்றார். அதற்குப் பின் அவர் செய்த எல்லாம் அந்தக் காற்று வெளியேறும் இடத்தைத் தேடும் வேலைதான்.

இதில் விளக்கிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பி0299 என்பதன் பொருள் 'டர்போ கெட்டுவிட்டது' என்பதன்று; கேட்ட அளவு அழுத்தம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே. டர்போ தேய்ந்தாலும் அது வரும். டர்போவின் இறக்கைகள் கரியேறி இறுகினாலும், அதை இயக்கும் மெல்லிய வேக்யூம் குழாய் வெடித்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும், டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ஹோஸில் ஓட்டை விழுந்தாலும் அதே குறியீடுதான் வரும். இவற்றுள் மிகவும் விலை குறைந்தவை குழாய்களும் ஃபில்டரும். பார்க்க எளிதானவையும் அவையே. துணியில் காட்டிய எண்ணெய்க்கும் இதே கதைதான். எஞ்சின் அடிப்பகுதியில் சேரும் எண்ணெய் ஆவி, டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக்குழாயில்தான் வந்து சேருமாறு அமைத்திருக்கிறார்கள்; ஆகவே ஓடிய எந்த டீசல் எஞ்சினின் காற்றுக்குழாயைத் துடைத்தாலும் மெல்லிய படலமாக எண்ணெய் ஒட்டத்தான் செய்யும். குழாயில் எண்ணெய் தேங்கி நின்றால், நீலப்புகை வந்து ஆயில் அளவு குறைந்துகொண்டே போனால், டர்போவின் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது ஆட்டம் தெரிந்தால், அப்போது டர்போவைச் சந்தேகிக்கலாம். என் வண்டியில் தண்டை யாரும் தொட்டுப் பார்க்கவே இல்லை.

ஓமலூர்க்காரர் ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, அதன் வாயில் ஒரு மூடியைச் சொருகி கிளிப்பால் இறுக்கினார். மூடியின் நடுவே டயர் வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார். அவரே செய்துகொண்ட கருவி. அதன் வழியே கம்ப்ரசர் காற்றைப் பதினைந்து பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் ஏற்றினார். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும் என்றார். பிறகு வண்டிக்கடியில் படுத்து, சோப்புத் தண்ணீரை ஹோஸ்களின் மேல் தெளித்துக்கொண்டே வந்தார். டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்புறத்தில், மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடத்தில், நுரை கொதித்துப் பொங்கியது. விரலை வைக்கச் சொன்னார். கிளிப்புக்கு அரை அங்குலம் தள்ளி, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதில் சாலைத்தூசி அப்பி, கறுத்த பற்றுப் போட்டதுபோல இருந்தது. காற்றை நிறுத்தியதும் கீறலின் இரண்டு உதடுகளும் மூடிக்கொண்டன.

சமதளத்தில் மெதுவாக ஓடும்போது டர்போ அதிக அழுத்தம் தராது. அதனால் கீறல் மூடியே இருக்கும். மேடு ஏறும்போது அழுத்தம் கூடி அது திறந்துகொள்ளும். உள்ளே வந்த காற்றை முன்கூட்டியே அளந்து வைத்திருக்கும் வண்டியின் கணினி, அந்த அளவுக்கு டீசலை விடும்; காற்றோ வழியிலேயே போய்விட்டிருக்கும். எரியாத டீசல் கரும்புகையாகும். அழுத்தக் குறைவு நீடித்தால் எஞ்சினைக் காப்பாற்ற கணினி சக்தியைக் குறைத்துவிடும்; அணைத்துப் போட்டால் அந்தக் கட்டுப்பாடு தற்காலிகமாக நீங்கும். ஏற்காட்டு வளைவில் நான் கண்டது முழுவதும் இதுதான்.

ஹோஸ் 2,150 ரூபாய், கூலி 600 ரூபாய்.

இன்ஜெக்டர்களையும் பார்த்துவிடலாம் என்று அவராகவே சொன்னார். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சிறு பாட்டிலை மாட்டி, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, திரும்பி வரும் டீசல் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேய்ந்த இன்ஜெக்டர் மற்றவற்றைவிட அதிகமாக டீசலைத் திருப்பி அனுப்பும். என் வண்டியில் நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டம். (இது ரிட்டர்ன் குழாயில் மட்டும் செய்யும் சோதனை. ஓடும் எஞ்சினில் உயர் அழுத்தக் குழாயை யாரும் தளர்த்தக் கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறக்கூடிய அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.) பாட்டில்களைக் கழற்றும்போது அவர் டார்ச்சை அடித்து எதையோ உற்றுப் பார்த்தார். முதலாவதும் இரண்டாவதும் பளிச்சென்று இருந்தன. மூன்றாவதும் நான்காவதும் கழுத்துவரை பழைய கரியிலும் மண்ணிலும் புதைந்து கிடந்தன. அவற்றைப் பிடித்திருந்த போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட அடையாளம்கூட இல்லை. நான்குக்குப் பணம் கொடுத்திருந்தேன். மேலும், இன்ஜெக்டரைப் புதிதாக மாற்றும்போது அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை வண்டியின் கணினியில் பதிய வேண்டும். மாற்றிய இரண்டுக்கும் அது பதியப்படவில்லை. அதை அவர் சரிசெய்து கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அங்கேயே நின்று அந்த இன்ஜெக்டர்களையும் கீறல் விழுந்த ஹோஸையும் வீடியோ எடுத்தேன். ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது முதலில் சத்தம் போட்டார்கள். பிறகு, பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்து, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸும் அனுப்பிய பிறகு, மாற்றாத இரண்டு இன்ஜெக்டர்களுக்கான 15,000 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். இருந்தும் டர்போ விஷயத்தில் நான் மேலே போகவில்லை. பில் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் எஸ்டிமேட்டும் யூபிஐ பதிவும் பணம் கொடுத்ததைக் காட்டிவிடும். ஆனால் கழற்றிய டர்போ நல்ல நிலையில் இருந்தது என்று காட்ட அந்த டர்போவே கையில் இல்லை. அவர்களும் அதை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

இப்போது வேறு எந்தப் பழுதுக்குப் போனாலும் நான் கேட்பது ஒன்றே: "இந்தப் பாகம்தான் என்று எந்தச் சோதனையில் தெரிந்தது, அதை என் முன்னால் ஒருமுறை செய்து காட்டுவீர்களா?" சென்ற மாதம் காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமானபோது வேறு ஒருவர் பம்ப் என்று தொடங்கினார், இந்தக் கேள்விக்குப் பிறகு டீசல் ஃபில்டரின் அடியைத் திறந்து பார்த்ததில் கால் டம்ளர் தண்ணீர் வடிந்தது, அவ்வளவுதான்.

டர்போவுக்கு வாய்மொழியாகச் சொன்ன ஆறு மாத வாரண்டி 2024 ஜனவரியில் முடிந்துவிட்டது. கீறல் விழுந்த ஹோஸை டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். பழைய டீசல் கார் பார்க்க நண்பர்கள் என்னை அழைத்துப் போகும்போது, வண்டிக்கடியில் எந்த இடத்தில் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் என்று காட்ட அது உதவுகிறது.