திரட்டியா, முகநூல் ஓடையா?

2004இல், தமிழ் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் தளமான தமிழ்மணம் திரட்டி வந்தபோது அதன் வேலை எளிது: யார் என்ன எழுதினாலும், எழுதிய நேர வரிசையில் தலைப்பும் இரண்டு வரியும் காட்டும். படிக்க வேண்டுமானால் அவரவர் வலைப்பதிவுக்கே போக வேண்டும். சமையல் குறிப்புக்குக் கீழே ஈழம், அதற்குக் கீழே யாப்பிலக்கணம். தேடாத ஒன்றைப் படித்துவிட்டு எழுந்த இரவுகள் எனக்கு நிறைய உண்டு.

அந்த வரிசையும் மாசற்றதாக நீடிக்கவில்லை. மறுமொழி பெற்ற இடுகைகளுக்குத் தனிப் பட்டியல், சூடான இடுகைகள், வாசகர் பரிந்துரை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பட்டியலில் தங்குவதற்காகவே நண்பர்கள் கூடி வெற்று மறுமொழிகளை அடுக்கினார்கள். அதற்குக் ‘கும்மி’ என்று பெயர். புதிதாக எழுத வருபவரை அறிமுகப்படுத்தும் பலகை, கொஞ்சம் கொஞ்சமாக யார் முன்னால் என்று காட்டும் பலகையானது.

முகநூல் 2006இல் செய்தி ஓடையை (நியூஸ் ஃபீட்) கொண்டுவந்தது. அங்கே வரிசையைத் தீர்மானிப்பது கணிநிரல். எழுத்து அங்கேயே கிடக்கும். போன வருடப் பதிவைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் வாசகர் கூட்டம் அங்கேதான் இருக்கிறது, கைப்பேசியிலேயே எழுதிவிடலாம். திரட்டியில் சண்டை போட்டவர்களில் பலர் இப்போது அங்கேதான் போடுகிறார்கள்.

நான் எதைத் தேர்வேன்? கும்மியோடு சேர்த்துத் திரட்டியைத்தான். அதில் எனக்குப் பிடிக்காதவர்களும் கண்ணில் பட்டார்கள்.