பழைய மைக்ரோ நிக்கார் 55 மி.மீ. லென்ஸும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும்

உதகமண்டலத்தின் இந்து நகரில், 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் என் பெரியப்பா வேலை பார்த்தார். அவர் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் இருந்த 35 மி.மீ. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களைக் கேமராவால் படமெடுத்துக் கணினியில் சேர்ப்பதற்காகவே, நிக்கானின் மைக்ரோ நிக்கார் 55 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைப் பழைய சரக்காக வாங்கினேன். கையால் குவியம் திருப்பும் இந்த லென்ஸை இரண்டு மழைக்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

லென்ஸ் தனியாக 1:2 அளவு வரைதான், அதாவது சென்சாரில் பொருளின் பாதி அளவு பிம்பம் விழும் வரைதான், நெருங்கும். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கொண்ட என் கேமராவில், 36 மி.மீ. அகலமுள்ள நெகட்டிவ் படச்சட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்கையே நிரப்புகிறது என்பதால், லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்தும் 27.5 மி.மீ. நீளமுள்ள பி.கே.-13 வளையத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். வளையம் இருந்தால் 1:1 வரை போகலாம். எனக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 0.65 மடங்குதான். சட்டத்தை முழுதாக நிரப்பும்போது 24 மெகாபிக்சல் சென்சார் அங்குலத்துக்கு ஏறக்குறைய 4,200 புள்ளிகளைத் தருகிறது. பெரியப்பாவின் படங்களில் ஃபிலிமின் வெள்ளித் துகள்கள் தனித்தனியாகத் தெரிய அது போதுமானதாக இருக்கிறது.

முதல் வாரத்தில் இந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றே யோசித்தேன். ரன்னிமேடு ரயில் நிலையத்தில் பெரியப்பா எடுத்த ஒரு படத்தின் நெகட்டிவைப் பதிவு செய்தபோது, இடது ஓரத்துப் பெயர்ப்பலகை கூர்மையாகவும் வலது ஓரத்து மரங்கள் குழைந்தும் தெரிந்தன. குறை லென்ஸில் என்று நினைத்து, மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்த 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸை, அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவியின் லென்ஸை, பெல்லோஸ் என்னும் நீண்டு சுருங்கும் மடிப்புக் குழாயில் பொருத்திப் பார்த்தேன். அதே ஓரம் அதேபோல் குழைந்தது. இரண்டு லென்ஸ்கள் ஒரே இடத்தில் தவறுமானால் தவறு லென்ஸில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. இந்த அளவில் லென்ஸின் துளையை எஃப்/5.6இல் வைத்தால், இரண்டு பிக்சல் மங்கலைப் பொறுத்துக்கொள்வதாக எடுத்துக்கொண்டாலும், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 0.35 மி.மீ. மட்டுமே. கேமரா நெகட்டிவுக்கு ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால் 36 மி.மீ. அகலத்தில் இரு முனைகளுக்கும் இடையே 0.6 மி.மீ. வேறுபாடு வந்துவிடுகிறது. துளையைச் சுருக்கி எஃப்/11க்குப் போனால் சாய்வு ஓரளவு மறையும் என்பது உண்மைதான். ஆனால் நெருங்கி எடுக்கும்போது அது நடைமுறையில் எஃப்/18 போலச் செயல்பட்டு, சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதையுமே மென்மையாக்கிவிடும். ஓரத்தைக் காப்பாற்ற நடுவைப் பலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தது பயன்படவில்லை. அது மேசையும் கேமராவும் பூமிக்கு மட்டமா என்று சொல்லுமே தவிர, ஒன்றுக்கொன்று இணையா என்பதை நமக்குத் தேவையான நுணுக்கத்தில் சொல்லாது. கைகொடுத்தது சந்தைக்கடையில் வாங்கிய சிறிய கண்ணாடி. நெகட்டிவ் இருக்கும் இடத்தில் அதைத் தட்டையாக வைத்து, லென்ஸின் பிரதிபிம்பம் தெளிவாகத் தெரியும்வரை குவியத்தைத் திருப்பி, அந்தக் கரிய வட்டம் திரையின் நட்டநடுவில் வரும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடியில் சாய்வு இரட்டிப்பாகத் தெரிவதால் சிறு பிழையும் கண்ணுக்குத் தப்புவதில்லை. கண்ணாடியின் உயரம் சற்று முன்பின் இருந்தாலும் கெடுதலில்லை. அது நெகட்டிவ் தளத்துக்கு இணையாகக் கிடப்பதே முக்கியம். பெயர்ப்பலகையும் மரங்களும் ஒரே கூர்மைக்கு வந்த பிறகு, மைக்ரோ நிக்காரின் ஓரங்கள் என்லார்ஜர் லென்ஸைவிடச் சற்றே தெளிவாக இருந்தன. குவிய வளையம் உள்ள வசதியையும் சேர்த்துப் பார்த்தால் என் தேர்வு இதுதான்.

வாங்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். இந்த வகையில் பழைய கிரீஸ் இறுகிக் குவிய வளையம் திரும்பாமல் போவதும், எண்ணெய் கசிந்து, துளையைச் சுருக்கும் உள்ளிதழ்களில் படிவதும் பரவலாக அறியப்பட்ட மூப்புக் குறைகள். அடுத்தது பூஞ்சை. எனக்கு விற்றவர் சுத்தமான லென்ஸ் என்று சொல்லியே அனுப்பினார். டார்ச்சைப் பின்புறமிருந்து அடித்துப் பார்த்தபோது விளிம்பில் சிலந்தி வலைபோல் ஒரு கீற்று இருந்தது. படத்தில் தெரியவில்லை என்றாலும், குன்னூர் மழையில் அது பரவாமலிருக்க சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில்தான் வைத்திருக்கிறேன்.

என் வீட்டின் மரப்பலகைத் தரையில் யாராவது நடந்தாலே படம் அசைகிறது. ஆகையால் இரண்டு விநாடி தாமதம் வைத்து, வீட்டார் உறங்கிய பிறகே வேலையைத் தொடங்குகிறேன். ஒரு சுருளுக்கு இப்போது இருபது நிமிடம் ஆகிறது. கண்ணாடியை ஒவ்வோர் இரவும் முதலில் ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.